துர்துமாத் அத்தானின் ஏழு தகப்பன்மார்

என் அக்கா குலசாலின் புருஷன் துர்துமாத், எங்கள் மலை ஊரான கோச்கோரில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். கீழுதட்டுக்குள் எப்போதும் ஒரு சிட்டிகை நஸ்வாய் இருக்கும். புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த அந்தப் பச்சைத் தூள் உள்ளே இருக்கும்வரை பேசமாட்டார். எதைக் கேட்டாலும் "ம்ம்" என்பார். நடு வழியில் கண்ணாடியை இறக்கித் துப்புவார். அதனால் பின்சீட்டில் இருக்கும் உள்ளூர்க்காரன் எவனும் கொளுத்தும் வெயிலிலும் ஜன்னலைத் திறக்கமாட்டான். வெளியூர்க்காரர்கள் ஒரே ஒரு தடவை திறப்பார்கள்.

அக்கா புருஷனைக் கேலி செய்வது எங்களுக்குப் பிறப்புரிமை. நான் அதை வீணாக்கியதில்லை.

"இந்தக் கருமத்தை விட்டா என்ன அத்தான்?" என்றால், துப்பிவிட்டு விரலை மடக்குவார். எங்களில் ஆண்பிள்ளை என்றால் ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரைத் தடுமாறாமல் சொல்லவேண்டும். இவர் பெயரோடு பழக்கத்தையும் சேர்த்துச் சொல்வார்.

"எங்கப்பா போரோன்பாய், நஸ்வாய். அவரோட அப்பா எசனமான், நஸ்வாயும் சாராயமும். அவரோட அப்பா சோயுன், அபின். அதுக்கு மேல என்னென்ன போட்டாங்களோ. ரத்தத்துல வருது மச்சான். நான் என்ன பண்ணட்டும்?"

"உங்க தம்பி அசானுக்கும் அதே ஏழு பேருதானே? அவன் தொடுறதில்லையே" என்பாள் அக்கா.

"அவன் நாள் முழுக்க போன்ல குதிரைப் பந்தயம் பாக்குறான். அவனுக்கு ரத்தம் வேற சந்து வழியாப் போயிருச்சு."

அக்காவின் மருமகள் ஜிபெக் ஆஸ்பத்திரியில் நர்ஸ், நிறைமாதக் கர்ப்பிணி. பேரப்பிள்ளையின் வாயில் முதல் வெண்ணெயைத் தன் கையால் வைக்கவேண்டும் என்று அத்தானுக்குக் கொள்ளை ஆசை. வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு ஒட்டும் என்பதால், அதற்கு ஊரில் யோக்கியர்களைத்தான் தேடிப் பிடிப்போம். அத்தானை இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

"ரத்தத்துல வர்றது நெசந்தான் மாமா" என்றாள் ஜிபெக். "சில குடும்பத்துல பழக்கம் சட்டுனு பிடிச்சுக்கும். ஆனா அது சரிவுதான், சரிவுல நிக்கிறவனெல்லாம் உருண்டே ஆகணும்னு இல்ல. பிள்ளைக்கு ரத்தத்துலயே கொஞ்சம் வந்திருக்கும். நீங்க வெண்ணெயில வேற கலந்து குடுக்காதீங்க. விட்டுட்டு வாங்க, வைக்கலாம்."

விட்டார். வாய் காலியானதும் பேச்சு வந்தது. அத்தனை வருஷமாக அடக்கிவைத்த பேச்சு. கோச்கோரிலிருந்து நரின் நகரம் போய்ச் சேரும்வரை நிறுத்தாமல் பேசினார். இரண்டாம் வாரம் பயணிகளே நஸ்வாய்ப் பொட்டலம் வாங்கி வந்து, "அண்ணே, தயவுபண்ணி இதைப் போட்டுக்குங்க" என்று நீட்டினார்கள். அவர் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே மேலும் பேசினார். பாவம், உண்மையிலேயே முயன்றார்.

பேரன் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று வெண்ணெய்க் கிண்ணம் தயாராக இருந்தது. அத்தான் புதுச் சட்டையில் உள்ளே வந்தார்.

"பிள்ளையப் பாத்தீங்களா? உங்க மூக்கு" என்றாள் அக்கா.

"ம்ம்" என்றார் அத்தான்.

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. வெளியே போய்த் துப்பிவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு விரலை மடக்கினார். "எங்கப்பா போரோன்பாய்..."

"சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க" என்றாள் அக்கா. "நாளைக்கு இந்தப் பய விரல் மடக்குறப்ப, அவங்கப்பனுக்கு அடுத்த பேரு உங்களோடது. உங்க பேருக்குப் பின்னால என்னன்னு சொல்லணும்? இப்பவே சொல்லிக் குடுத்துருங்க."

அத்தான் மடக்கிய விரலை விரித்தார். "ம்ம்" என்று தப்பிக்கவும் வழியில்லை, வாய் காலி. எனக்கே கேலி செய்ய மனசு வரவில்லை.

"வேற யாரையாச்சும் வைக்கச் சொல்லும்மா" என்றார்.

"அசான் மாமாவையா? பிள்ளை போன் கேட்டு அழும்" என்றாள் ஜிபெக். "வாயக் கொப்புளிச்சு, கையக் கழுவிட்டு நீங்களே வாங்க. உதட்டுல தடவுனாப் போதும்."

விரல் நுனியால் தடவினார். பிள்ளை முகத்தைச் சுளித்தது, நாக்கால் தள்ளியது, வெண்ணெயும் எச்சிலுமாய்ப் புதுச் சட்டைமேல் துப்பியது.

அத்தான் எங்களைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"எங்க வம்சத்துல வாய்க்குள்ள வச்சதை வேணாம்னு துப்புன மொத ஆளு இவன்தான்" என்றார்.

பையிலிருந்த நஸ்வாய்ப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். சட்டையை அன்று முழுக்கத் துடைக்கவில்லை.