மாதாவுக்குப் பக்கத்தில் ஒரு ஜனாதிபதி

ஞாயிறு மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு என் அண்ணா எங்கள் வீட்டுச் சுவரில் ஆணி அடித்தார். அதிலிருந்துதான் எல்லாம் பிழையாகிப் போனது.

முப்பது வருடமாகப் பரிஸ் நகரில் இருப்பவர், நாங்கள் குடியேறிய மல்கிரேவுக்கு முதன்முறையாக வந்திருந்தார். பெட்டிக்குள் உடுப்புகளால் சுற்றி ஒரு படம் கொண்டுவந்தார். தனக்குப் பிரஜாவுரிமை கிடைத்த காலத்துப் பிரெஞ்சு ஜனாதிபதி. அங்கே நகரசபைகளில் மாட்டிவைக்கும் படமாம். அதை எங்கள் மடு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பரிசில் அவருடைய வீட்டிலும் அப்படித்தான். இருவருக்கும் ஒரே மெழுகுதிரி.

மறுநாள் மகள் பிரெஞ்சு வகுப்பில் அந்நாட்டு ஜனாதிபதிகளைப் பற்றிப் பேச வேண்டும். மாமாவுக்கு வாசித்துக் காட்டினாள். முதலாமவர் தேர்தலில் வென்று, பிறகு தன்னையே பேரரசராக்கிக்கொண்டார். ஒருவர் இரவு உடையோடு ஓடும் ரயிலிலிருந்து விழுந்தும் தப்பினார். ஒருவரைக் குதிரை வண்டியில் வைத்துக் குத்தினார்கள். இன்னொருவரைப் புத்தகக் கண்காட்சியில் சுட்டார்கள்.

"எங்கட நாடு பரவாயில்லை போல," என்று என் கணவர் சிரித்தார். "உங்கட ஆளை என்ன செய்தவங்கள், மச்சான்?"

"அவரை இழுக்காதையும். எனக்குப் பிரஜாவுரிமை தந்த தெய்வம்."

கணவரின் சிரிப்பு நின்றது. அவருடைய தம்பி பரிஸ் விமான நிலையத்தில் பிடிபட்டுக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டது இதே ஜனாதிபதியின் காலத்தில். இறங்கிய பிறகு அவனை யாருமே காணவில்லை. அது அண்ணாவுக்கும் தெரியும். இரண்டையும் அவர் சேர்த்து யோசித்ததில்லை.

"உன்ர தெய்வத்தின்ர ஆக்கள்தான் என்ர தம்பியைப் பிளேனில ஏத்தினவங்கள். கழட்டு."

"ஏலாது. வெறியில கதைக்காத."

"வெறியோ? நான் தண்ணிகூடக் குடிக்கேல்லை. கழட்டடா!"

கணவர் படத்தைப் பிடுங்கி அண்ணாவின் முகத்தில் அடித்தார். அண்ணா அவருடைய கழுத்தைப் பிடித்து அலுமாரியோடு மோதினார். கதிரை முறிந்தது. யாருடைய பல்லோ நிலத்தில் கிடந்தது. "அப்பா! மாமா! ஸ்டொப்!" என்று மகள் நடுவே பாய்ந்தாள். படத்தின் உடைந்த கண்ணாடி அவளுடைய வலது மணிக்கட்டைக் கிழித்துக்கொண்டு போனது.

அப்போதும் அவர்கள் நிறுத்தவில்லை. இரத்தம் தங்கள் கால்களை நனைத்த பிறகுதான் கையை எடுத்தார்கள்.

துவாயால் இறுக்கிக் கட்டினேன். "விரலை ஆட்டு பிள்ளை."

"அம்மா, பெருவிரல் ஆடுதில்லை."

அம்புலன்சுக்கு அழைத்தேன். துவாய் சிவந்துகொண்டே போனது. அண்ணா கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். கணவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். நான் மகளிடம் ஆட்டு, ஆட்டு என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன்.

அம்புலன்சில் வந்தவர் ஓர் இளம்பெண். மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு மடக்கச் சொன்னார். கடைசியில் பெருவிரல் மெல்ல வளைந்தது. எனக்கு அழுகை வந்தது. அந்தப் பெண், சட்டையெல்லாம் இரத்தமாக நின்ற இரண்டு ஆண்களையும் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்:

"கை தப்பும் என்று நினைக்கிறேன். தையல் போட்ட பிறகு இவளை இந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பலாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்."