அப்பாவின் கொட்டில்

அப்பா ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் அகதியாக இருந்துவிட்டு எங்களோடு லண்டனுக்கு வந்தவர். வந்த சில வருடங்களில் ஈஸ்ட் ஹாமில் நகரசபையான கவுன்சிலிடம் ஒரு துண்டுத் தோட்ட நிலத்தை வாடகைக்கு எடுத்தார். ஜெர்மன்காரர் தங்கள் தோட்டங்களில் கட்டுவதைப்போல அதில் ஒரு மரக்கொட்டில் கட்டினார். சமையலடுப்பும் கட்டிலும்கூட உள்ளே இருந்தன.

போன வருடம் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. கொட்டில் அளவுக்கு மேல் பெரிது, ஒரு மாதத்துக்குள் கழற்றாவிட்டால் நிலம் போய்விடும். அப்பாவுக்கு வரும் கடிதங்களைப் பார்ப்பது நான்தான்; கழற்றுவதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

கெடு முடிந்த காலையில் கவுன்சில் அதிகாரி வந்து, கழற்றச் சம்மதித்தீர்களே என்று கேட்டபோது, அப்பா கொட்டிலுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

"அப்பா, திறவுங்கோ. நிலமே போயிடும்."

"என்னைக் கேக்காமல் ஆர் ஓமெண்டு சொன்னது?"

"நான்தான் அப்பா."

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார்.

அந்த நிலத்தில் பாதியைப் பயிரிடுவது பதினேழு வயதான என் மகள். அவள் ஜன்னலருகே போனாள்.

"அப்பப்பா, என்ர பீன்ஸ் இப்பதான் பூக்குது. இந்த இடத்தை விட எனக்கு ஏலாது."

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அப்பாவின் கையில் ஸ்க்ரூடிரைவர்.

"நான் கட்டினது. நானே கழட்டுறன்."

மாலைக்குள் கூரை இறங்கியது. நிலம் எங்களிடமே தங்கியது. பலகைகளை அவர் என் மகளிடம் மட்டும் நீட்டினார். திரும்பும்போது காரில் என் பக்கத்து இருக்கையை விட்டுவிட்டு, பின்னால் அவளோடு போய் உட்கார்ந்துகொண்டார்.