மீன் மண்டைக்குள் கடுகளவு சுரப்பி

எனக்குக் கிடைத்த முதல் அரசு வேலை மீன் தலைக்குள்ளிருந்து கடுகைவிடச் சற்றுப் பெரிய ஒரு சுரப்பியை எடுப்பது. உத்தரவில் அப்படி எழுதியிருக்கவில்லை. தா.பழூர் பக்கம் இருந்த ஒரு மீன் குஞ்சுப் பண்ணையில் ஆய்வக உதவியாளர் என்றுதான் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். செந்துறையில் அடுத்தவர் கொல்லையில் கடலை பிடுங்கிய அம்மா அப்பாவுக்கு நான் ஒரே பெண். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி. படித்தது விலங்கியல்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் நாளமில்லாச் சுரப்பிகள். மற்ற சுரப்பிகளுக்குக் குழாய் உண்டு. எச்சில் வாய்க்கு வருவதும் பித்தம் குடலுக்குப் போவதும் குழாய் வழியாகத்தான். நாளமில்லாச் சுரப்பிக்குக் குழாயே கிடையாது, தான் சுரப்பதை நேராக ரத்தத்தில் விட்டுவிடும். தைராய்டை மெல்லியதாகச் சீவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வட்டம் வட்டமாக அறைகள் தெரியும், ஒவ்வொன்றின் நடுவிலும் இளஞ்சிவப்புக் கூழ். பிட்யூட்டரியில் சில செல்கள் சிவப்புச் சாயத்தைப் பிடிக்கும், சில நீலத்தை. செய்முறைத் தேர்வில் எந்தச் சீவலைக் கொடுத்தாலும் பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடுவேன். அந்தத் தைரியத்தோடுதான் பண்ணைக்குப் போனேன்.

பண்ணை அதிகாரி ஓய்வுக்குச் சில வருடங்களே இருந்தவர். நல்ல மனிதர், ஆனால் பெண் பிள்ளை சேற்றில் இறங்குவதை விரும்பாதவர். ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். அப்போது அவருக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. கட்லாவும் ரோகுவும் குளத்தில் நன்றாக வளரும், வயிறு நிறைய முட்டையும் பிடிக்கும். ஆனால் ஓடுகிற ஆற்றின் புதுவெள்ளத்தைக் கண்டால்தான் முட்டை விடும். குளத்தில் விட வேண்டுமென்றால் வேறொரு மீனின் பிட்யூட்டரியை அரைத்து ஊசி போட வேண்டும். அந்தச் சுரப்பி வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது. ஆடி பிறந்தும் வரவில்லை.

நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

தினமும் காலையில் செந்துறையிலிருந்து பஸ் ஏறி அரியலூரில் இறங்குவேன். மீன் மார்க்கெட்டில் வேலையை முடித்துக்கொண்டு தா.பழூர் பஸ்ஸைப் பிடிப்பேன். பெரிய கட்லாவை வெட்டி விற்றவர் ஒரே ஒரு அக்கா. நாற்பது வயதிருக்கும். அரிவாள்மனையில் உட்கார்ந்தால் நிமிராமல் வேலை செய்வார். மீன் தலைக்கு அவரிடம் தனியாக வாடிக்கை உண்டு. நான் விஷயத்தைச் சொன்னதும் தலையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"மண்டைய ஒடச்சுப்புட்டா அந்தத் தலைய எவ வாங்குவா? கொழம்புல போட்டா எலும்பாத்தான் கெடக்கும்."

அவர் சொன்னது நியாயம். உடைக்காமல் எடுக்கிறேன், ஒரு தலை கொடுத்துப் பாருங்கள் என்றேன். தலையை உடலிலிருந்து வெட்டியதும் பின்பக்கம் தண்டுவடம் நுழைகிற துளை தெரியும். அதன் வழியாக முதலில் கொழுப்பையும் கூழையும் பஞ்சால் துடைத்து எடுக்க வேண்டும். பிறகு வளைந்த இடுக்கியை விட்டு மூளையை மெதுவாகத் தூக்க வேண்டும். அதற்கு அடியில், மண்டையின் தரையில், சேணம் போல ஒரு சிறு பள்ளம். மெல்லிய சவ்வு மூடியிருக்கும். அதற்குள் வெண்ணெய் நிறத்தில் இருக்கும் அந்தச் சுரப்பி. முதல் மூன்றை நசுக்கிவிட்டேன். நான்காவது முழுதாக வந்தது. தண்ணீர் கலக்காத ஆல்கஹாலில் போட்டு மூடினேன். அக்கா தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு சேதாரமும் இல்லாததால் தட்டில் வைத்தார். இதற்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டார்.

"மழ வந்துருச்சு, முட்டைய விடுன்னு மீனோட ஒடம்புக்குச் சொல்ற சாமான்க்கா இது."

"இத்தனூண்டா?" என்றார். அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு மணைக்கட்டை போட்டு வைத்தார்.

பத்து நாளில் போதுமான சுரப்பி சேர்ந்தது. அதிகாரி நாள் குறித்தார். சுரப்பிகளை உலர்த்தி எடை போட்டு, காய்ச்சி வடித்த நீரில் அரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரு பெண் மீனுக்கு இரண்டு ஆண் என்று குளத்துத் தண்ணீருக்குள் கழி நட்டுக் கட்டிய துணித்தொட்டியில் விட்டோம். வால் பக்கத்துச் சதையில் செதிலைத் தூக்கி மாலையில் ஒரு ஊசி, ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று. காலையில் போய்ப் பார்த்தால் துணித்தொட்டியில் எந்த மாற்றமும் இல்லை. மீன்கள் வயிற்றைச் சுமந்துகொண்டு சும்மா சுற்றின. ஒரு முட்டைகூட இல்லை.

மார்க்கெட் சரக்கு சரிப்படாது, வெளியூருக்கே மறுபடி எழுதுகிறேன் என்றார் அதிகாரி. எனக்கு வருத்தத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. நான் எடுத்தது பிட்யூட்டரிதான். அதில் சந்தேகமே இல்லை. எடை சரி, அளவும் சரி. அப்படியானால் சுரப்பிக்கு உள்ளே ஏதோ சரியில்லை. அதைப் பார்க்க வழி இருந்தது. இரண்டு வாரம் பொறுங்கள் சார் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த இரண்டு வாரமும் தினம் ஒரு சுரப்பியை ஆல்கஹாலில் போடாமல், செல் கெடாமல் காக்கும் மஞ்சள் திரவத்தில் தனிப் புட்டியில் போட்டு, கிழமையை எழுதி ஒட்டினேன். பிறகு திருச்சியில் நான் படித்த கல்லூரிக்கு எடுத்துப் போனேன். துறைத்தலைவி ஆய்வகத்தைத் திறந்துவிட்டார். மெழுகில் பதித்து, கருவியில் சீவி, சாயம் ஏற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பார்த்ததும் புரிந்துவிட்டது. புதன், சனிக்கிழமைச் சுரப்பிகளில் செல்கள் பளிச்சென்று இருந்தன. முட்டையை விடச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிற நீலச் செல்கள் மணிமணியாய் நிறைந்து கிடந்தன. மற்ற நாட்களின் சுரப்பிகளில் செல்களின் ஓரம் கரைந்து, உட்கருவே மங்கிப் போயிருந்தது. அழுகல். சனிக்கிழமைச் சுரப்பி ஒன்றில் மட்டும் செல்கள் கெடவில்லை, ஆனால் உள்ளே வெறும் ஓட்டைகள். இருந்ததையெல்லாம் முன்பே ரத்தத்தில் விட்டுவிட்ட செல்கள் அவை.

மறுநாள் அக்காவிடம் போய், புதனும் சனியும் மட்டும் மீன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அவர் வாடிக்கைக்காரர் இருவரை அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அந்த ரெண்டு நாளுந்தான் ஏரி மீனு. விடியக்கால புடிச்சது. மத்த நாளு லாரியில ஐஸ் போட்டு வர்றது, ரெண்டு நாளு ஆயிருக்கும். இத இங்க கத்திச் சொல்லிப்புடாத தாயீ."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். வெறும் ஓட்டையாக இருந்த ஒன்றைப் பற்றியும் சொன்னேன். அவருக்கு அதுவும் தெரிந்திருந்தது. ஏரிக்குள் பாய்ந்த புதுவெள்ளத்தில் முட்டை விட்டு ஓய்ந்த மீனின் வயிறு தொளதொளவென்று இருக்கும், கட்டைவிரலை வைத்தாலே சொல்லிவிடலாம் என்று ஒரு மீனை எடுத்து அழுத்திக் காட்டினார். நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை அவர் விரலால் பார்த்துவிட்டார். அதன் பிறகு புதனும் சனியும் முட்டை பிடித்த ஏரி மீனின் தலைகளை மட்டும் எனக்காக ஒதுக்கி வைத்தார்.

ஆவணி கடைசி வாரம் மறுபடியும் ஊசி போட்டோம். இந்த முறை ஊசியை என்னிடமே கொடுத்துவிட்டார் அதிகாரி. நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன், அவர் கரையில் விளக்கைப் பிடித்துக்கொண்டார். அதை மட்டும் சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

விடிந்ததும் துணித்தொட்டியின் மூலையைத் தூக்கினேன். கனத்தது. ஊறிய ஜவ்வரிசி போல முட்டைகள், கை வைத்தால் விரலிடுக்கில் வழிந்தன. அதிகாரி செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டார். ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பிடித்து, கரு கூடியிருக்கிறதா என்று பார்த்தார். பெரும்பாலும் கூடியிருந்தது.

முதல் பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினார். நான் ஒரு பேச்சுக்குத்தான் அழைத்திருந்தேன், கடையை மகளிடம் விட்டுவிட்டு வருவார் என்று நினைக்கவில்லை. தொட்டியை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தொடுங்கள் என்றதும் சேலையில் கையைத் துடைத்துவிட்டு ஒரே ஒரு முட்டையை நகத்தில் எடுத்துப் பார்த்தார்.

"நானும் இருவது வருசமா மீனு வெட்டுறேன். சாவத்தான் பாத்துருக்கேன்," என்றார்.

அதிகாரி அவருக்கு டீ வாங்கிவரச் சொன்னார். அறிக்கையில் சுரப்பி சேகரித்தவர் என்று என் பெயரை எழுதினார். அக்காவின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றார், பிறகு ஓரத்தில் எழுதினார்.

ஆறு பருவம் அந்தப் பண்ணையில் இருந்தேன். ஒரு வருடம் மழை சுத்தமாகப் பொய்த்தது. மீன்கள் அப்போதும் எங்கள் ஊசிக்கு முட்டை விட்டன, ஆனால் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுபோய் விட ஊர் ஏரிகளில் தண்ணீர் இல்லை. இரண்டு குளத்தைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பி, தவிடும் கடலைப் பிண்ணாக்கும் போட்டுக் குஞ்சுகளைக் காப்பாற்றினோம். ஐப்பசியில் மழை பிடித்தது. ஊராட்சிக்காரர்கள் தங்கள் ஏரிக்குக் குஞ்சு வாங்கக் குடத்தோடும் தகர டின்னோடும் வாசலில் வந்து நின்றார்கள். அன்று மத்தியானத்துக்குள் குளம் இரண்டும் காலியாகிவிட்டன.