ஆறாவது சத்தம்

மேகமலை அடிவாரத்துக் கிணற்றிலிருந்து கடப்பாரையையும் சிவப்புத் துணியையும் எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் சின்னமனூரை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். சித்தப்பாவை எரித்து மூன்று நாள் ஆகியிருந்தது. கடப்பாரை அப்பாவின் தோளில் இருந்தது, துணி என் கக்கத்தில். வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்கள் அருகில் வேகம் குறைத்தது. டிரைவர் எங்களை அடையாளம் கண்டதும் நிறுத்தாமல் போய்விட்டார். அந்தக் கடப்பாரையை யாரும் வண்டியில் ஏற்றமாட்டார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களை விட்டு நடந்திருக்கிறேன். சில ஊர்களில் துரத்தினார்கள், சிலவற்றில் எனக்கே சலித்துவிட்டது. அதற்கெல்லாம் முன்பே, முதலில் விட்டது செம்புச் சுரங்க ஊரை.

அது வடக்கே, தெலுங்கு பேசும் பொட்டல் வெளியில் இருந்தது. கம்பம் பக்கம் மழை தவறிய ஒரு காலத்தில் தாத்தா அங்கே போனார். அவர் பின்னால் பாதித் தெரு போனது. அவர்களுக்கும் வெகுகாலம் முன்பே யாரோ அங்கே செம்பு எடுத்திருக்கிறார்கள். ஆள் படுத்துத்தான் நுழைய முடிகிற அவர்களுடைய பொந்துகள் மேல்மட்டத்தில் அப்படியே இருந்தன. அவர்கள் யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் குடியிருப்புக்கு மதராஸ் லைன் என்று பெயர். கழிவு மண்மேட்டின் அடியில் ஒரு மாரியம்மன் கோயில் இருந்தது. பொங்கல் வைக்கும் நாளில் தெலுங்கர்களும் பீகாரிகளும் இலையோடு வந்து உட்காருவார்கள். ஓடைத் தண்ணீர் பச்சையாக ஓடும். அதைக் குடித்த ஆடு வீடு திரும்பாது. ஊரே செம்பில் பிழைத்தது, ஆனால் எங்கள் லைனில் ஒரு வீட்டிலும் செம்புக் குடம் கிடையாது. எல்லாம் அலுமினியம்.

சாயங்காலம் ஷிப்ட் முடியும்போது கீழே வெடி வைப்பார்கள். அந்த நேரத்தில் லைன் முழுவதும் பேச்சு நின்றுவிடும். பெண்கள் அடுப்படித் தரையில் உள்ளங்கையைப் பதித்து உட்காருவார்கள். அத்தனை ஆழத்து வெடி காதுக்கு எட்டாது, கைக்குத்தான் எட்டும். எத்தனை வெடிக்குழி என்று ஆண்கள் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். எண்ணிக்கை சரியாக வந்தால் அடுப்புப் பற்றும். ஒன்று குறைந்தால், வெடிக்காத குழி ஒன்று கீழே இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த ஷிப்ட் இறங்கவில்லை என்று தெரியும்வரை எந்த வீட்டிலும் புகை எழாது.

செம்பு விலை விழுந்தபோது தண்ணீர் இறைக்கும் பம்புகளை நிறுத்தினார்கள். சுரங்கம் நிறைந்தது, லைன் காலியானது. நாலு குடும்பங்கள் சின்னமனூருக்குத் திரும்பி, ஒரே வரிசையில் வாடகைக்கு இருந்தோம். ஊர் எங்களைச் செம்புக்காரர்கள் என்றது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தெரிந்ததெல்லாம் பாறையும் வெடிமருந்தும்தான். ஆகவே கிணறு வெட்டினார்கள். துளை போடும் மெஷின் இருவர் காதையும் பாதிக்கு மேல் தின்றிருந்தது. வெடியை எண்ணுவதற்காக என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூட்டிப்போனார்கள்.

அதுவரை நாங்கள் வெட்டியவை வயல்வெளிக் கிணறுகள். மலையை ஒட்டிய முதல் கிணறு அது. அன்று ஆறு குழி. திரியைப் பற்றவைத்துவிட்டு மேலே ஏறிய சித்தப்பா, பாதையில் ஆள் வராமல் தடுக்கச் சிவப்புத் துணியோடு ஓடினார். அப்பா வரப்பில் குப்புறப் படுத்து உள்ளங்கையை மண்ணில் பதித்தார். நான் அவருக்குப் பக்கத்தில் படுத்தேன். வெடிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உருண்டு வந்தன. ஐந்துக்குப் பிறகு சின்ன இடைவெளி. பிறகு கொஞ்சம் மெலிதாக ஆறாவது.

சித்தப்பா திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். "ஏலே, காது என்ன சொல்லுது?"

"ஆறு."

"என் கைக்கு அஞ்சுதான் வந்துச்சு. நாளைக்கு எறங்குவோம்" என்றார் அப்பா.

கிணறு வெட்டச் சொன்ன தோட்டக்காரர் சிரித்தார். "செம்புக்காரரே, நாளைக்கு நாளைக்குன்னா என் தென்னையெல்லாம் வெறகாப் போயிரும்."

சித்தப்பா கடப்பாரையை எடுத்தார். "அண்ணே, ஒன் கை செம்புப் பாறைக்குப் பழகுன கை. இந்த மண்ணுல அதுக்கு என்ன தெரியும்? புள்ளைக்குப் பாம்புக் காது. அவன் ஆறுன்னா ஆறுதான்."

எனக்குப் பெருமையாக இருந்தது. சித்தப்பா இறங்கினார். சரிந்த கல்லை அவர் கடப்பாரையால் நெம்பியபோது, இன்னொரு வெடி வெடித்தது.

ஒரு குழி வெடிக்காமல் நின்றிருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. வைத்தது ஆறு, நான் கேட்டதும் ஆறு. அப்பா ஏழு குழி போட்டுவிட்டு மறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சின்னமனூர் வரும்வரை அவரிடம் அதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

வீட்டில் சித்தி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். லைன்காரப் பெண்கள் சுற்றி இருந்தார்கள். கடப்பாரையைக் கண்டதும் சித்தி கேட்டார். காது கேளாதவருக்காக அந்த நிலையிலும் குரலை உயர்த்தினார்.

"எண்ணுனது யாரு?"

அப்பா கடப்பாரையை மூலையில் சாத்தினார். "நான்தான்."

"கை வச்சுப் பாத்தீகளா?"

"பாத்தேன். ஆறு."

சித்தி அவரையே பார்த்தார். பிறகு உள்ளங்கையைத் தரையில் பதித்து, எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அவர் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவுக்கு ஞாபகமே குழம்பிவிட்டது, ஐந்து என்று சொன்னதையும் மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்பா இனி மருந்தைத் தொடமாட்டேன் என்றார். மறுநாள் காலை அம்மா என்னைப் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு திராட்சைத் தோட்டத்துக்கு அனுப்பினார். அதுவும் மலையை ஒட்டித்தான். ஒரு பழைய எண்ணெய் டின்னும் கம்பும் கொடுத்தார்கள். குருவி இறங்கினால் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

முதல் கூட்டம் இறங்கியதும் ஓங்கி ஒரு தடவை அடித்தேன். சின்ன இடைவெளி விட்டு, மலைப் பக்கமிருந்து யாரோ கொஞ்சம் மெலிதாக ஒரு தடவை அடித்தான். நான் இரண்டு அடித்தேன், அவனும் இரண்டு அடித்தான். அங்கே தோட்டம் ஏதும் இல்லை, வெறும் பாறைதான் தெரிந்தது. பாறைக்குப் பின்னால் என்னைப் போல ஒருவன் டின்னோடு நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். துணைக்கு ஓர் ஆள் இருந்தது ஆறுதலாக இருந்தது. அன்று சாயங்காலம்வரை அவனுக்காகவும் சேர்த்து அடித்தேன்.