ஏழாம் லயத்துப் பேர்கள்

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் காலைப் பெரட்டு. வேலைக்கு முன் பேர் கூப்பிடும் நேரம். பனியில் பெண்கள் கூடையோடு நிற்கிறார்கள். காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்க, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் கூரைகளில் பழைய டயர் வைப்பது இங்கே வழக்கம். இன்று எல்லாக் கூரையிலும் மணல் மூட்டைதான்.

“டயரெல்லாம் எங்கக்கா?” என்று, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நான், கங்காணி செல்வமணி அக்காவிடம் கேட்கிறேன்.

“அதுக்குள்ள தேங்குன தண்ணியிலதாங்க டெங்கு கொசுப் புழு கெடந்துச்சு. ஒருநா பெரட்டுக்கு ஏழாம் லயத்துல மட்டும் மூணு பேரு வரல. சோம்பேறிங்க, பேரை வெட்டுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. மூணு பேருக்கும் ஒண்ணாவா சோம்பல் வரும்? சுகாதாரப் பரிசோதகர் ஐயாவுக்குப் போன் போட்டுட்டேன்.”

அவர் அன்றே வந்து, தரையெல்லாம் தேடி, கடைசியில் ஏணி வைத்து ஏறியிருக்கிறார். மூவரில் மகேஸ்வரிக்கு மட்டும் ஈறில் ரத்தம் கசிந்து, மாத்தளை ஆஸ்பத்திரியில் உயிர் ஊசலாடியிருக்கிறது. பிறகு லயத்தில் யாருக்கும் காய்ச்சல் இல்லை.

என் பஸ் கிளம்பிப் போகிறது. போகட்டும். பேர் கூப்பிடுவதில் அக்கா ஏழாம் லயத்துக்கு வந்துவிட்டார்.

“மகேஸ்வரி!”

“வந்துட்டேங்க!”

ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு இன்று வேலைக்குத் திரும்பியவளுக்கான கைதட்டல் ஓயாததால் அடுத்த பேரைக் கூப்பிட முடியாமல் கங்காணி நிற்கிறார்.