சட்டையில் அப்பாவின் பெயர்

நூற்று அறுபத்தொன்பது நாள், தினமும் காலை ஆறரைக்கு, என்னை என் அப்பாவின் பெயரால் எழுப்பினார்கள். "எல்டர் சண்முகம்" என்பான் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் வாட்கின்ஸ். முதல் சில வாரங்கள் அப்பா அறைக்குள் வந்துவிட்டாரோ என்று படுத்தபடியே கால்களை மடக்கிக்கொள்வேன். பிறகு அதுவும் நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்து, நாட்குறிப்பில் நாளின் எண்ணை எழுதுவேன். மொத்தம் எழுநூற்று முப்பது நாள் எழுத வேண்டும்.

மோர்மன் கிறிஸ்தவ சபையில் இளைஞர்கள் இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போவது வழக்கம். எங்கே என்பதைச் சபைதான் முடிவுசெய்யும். என்னை ஈரோட்டிலிருந்து மேற்கு சிட்னிக்கு அனுப்பினார்கள். எல்டர் என்றால் மூப்பர். எனக்கு வயது இருபது. இங்கே எங்களை யாரும் சொந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை, குடும்பப் பெயர்தான். வாட்கின்ஸின் சொந்தப் பெயரை நானே அவன் பெட்டியின் அட்டையில்தான் பார்த்தேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்ததைக் கண்டு, அப்பாவே என் கையிலிருந்து பேனாவை வாங்கித் தன் பெயரை நிரப்பினார். பையன் மேல்படிப்புக்கு வெளிநாடு போவான் என்று அன்றைக்கு நினைத்திருந்தார். அந்தக் கட்டம் கறுப்புப் பெயர்ப்பட்டையில் வெள்ளை எழுத்தாகி என் சட்டையில் ஏறியது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அம்மா என்னைப் பார்ப்பார். நான் அட்டையைத் திருப்பிக் காட்டுவேன்.

பத்து மணிக்கு வெளியே இறங்குவோம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, முதுகுப்பையில் மூன்று தண்ணீர் பாட்டில். ஜனவரியில் நாற்பத்திரண்டு டிகிரி வரை எழுதியிருக்கிறேன். வாட்கின்ஸ் அமெரிக்காவில் பனி கொட்டும் ஊரிலிருந்து வந்தவன், பதினொரு மணிக்கே தக்காளி போலச் சிவந்துவிடுவான். உனக்கு வெயில் பழக்கம்தானே என்று எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். ஈரோட்டில் நாங்கள் நடுப்பகலில் தெருவில் நடப்பதில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. முன்பு ஐரோப்பாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த பாதிரிமார் ஊருக்கு எழுதிய கடிதங்களை நூலகத்தில் படித்திருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் வெயிலைத் திட்டியிருப்பார்கள். நான் திட்டுவதுகூட இல்லை. கதவைத் தட்டுவோம், ஜன்னல் திரை ஓரமாக அசையும், அடுத்த வீட்டுக்குப் போவோம். வருத்தம் என்று எதுவும் தோன்றுவதில்லை. பல் பிடுங்கிய பிறகு மரத்துப்போன கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல, இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வேன்.

ஒன்றே ஒன்றுக்காகத்தான் காத்திருந்தேன். அப்பா ஒரு வார்த்தை பேச வேண்டும். ஈரோடு பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். நான் ஞானஸ்நானம் எடுத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டார். விமான டிக்கெட் வந்த அன்று பேச்சை நிறுத்தினார். திங்கட்கிழமைகளில் வீட்டோடு வீடியோவில் பேச எங்களுக்கு அனுமதி உண்டு. திரையில் அம்மா மட்டும் இருப்பார். நான் பேச ஆரம்பித்ததும் உள்ளே டிவியின் சத்தம் குறையும். அப்பா வீட்டில் இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

நூற்று ஐம்பத்து நான்காம் நாள், வியாழன், மெரிலேண்ட்ஸில் ஒரு இலங்கைத் தமிழ் அன்ரி கதவைத் திறந்தார். மருத்துவமனைச் சீருடையில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். என் நெஞ்சைப் படித்துவிட்டுச் சிரித்தார். "சண்முகம் எண்டு எழுதி வச்சுக்கொண்டு வேற சமயம் சொல்ல வந்தனீரோ? முருகனுக்குத் தெரியுமோ தம்பி இது?"

உள்ளே வரச் சொன்னார். வீட்டில் ஆண்கள் யாரும் இல்லாதபோது நாங்கள் உள்ளே போகக் கூடாது என்றேன். தேத்தண்ணி போடட்டுமா என்றார். தேநீரும் எங்களுக்கு விலக்கு என்றேன்.

"உள்ளுக்கும் வரமாட்டியள், தேத்தண்ணியும் குடிக்கமாட்டியள். பிறகென்னத்துக்குக் கதவைத் தட்டினனீங்கள்?"

ஐஸ் போட்ட தண்ணீரை வாசலுக்கே கொண்டுவந்து தந்தார். அது என் பெயரல்ல, அப்பாவின் பெயர் என்று அப்போதுதான் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

தெரியாது. திங்கட்கிழமை ஓய்வு நாள். அறைக்குள் டி-ஷர்ட்டில் இருப்பேன், பெயர்ப்பட்டை மேசையில் கிடக்கும். அன்ரி என்ன சொன்னார் என்று வாட்கின்ஸ் கேட்டான். வெயிலைப் பற்றிச் சொன்னார் என்றேன்.

அடுத்த திங்கள் அம்மாவிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே வாட்கின்ஸ் என் தோளுக்கு மேலே தலையை நீட்டினான். நல்ல மனசுக்காரன். "ஹலோ, சிஸ்டர் சண்முகம்" என்று கையசைத்து, எல்டர் சண்முகம் மிக நன்றாக ஊழியம் செய்கிறார் என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னான். அம்மாவின் கை வாய்க்குப் போனது. டிவி அடியோடு நின்றது. அப்பா திரைக்குள் வந்தார். நூற்று ஐம்பத்தெட்டு நாளுக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன். சவரம் செய்திருக்கவில்லை.

"எவன்டா அவன், எம் பேரைச் சொல்லிக் கூப்புடறவன்?"

நான் பட்டையை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார்.

"இதைக் குத்திக்கிட்டுத்தான் வீடு வீடாப் போறயா?"

"ஆமாங்கப்பா."

"கழட்டிரு. எம் பேரை வெச்சு நீ யாருக்கும் சாமி மாத்த வேண்டாம்."

போய்விட்டார். நான் காத்திருந்த பேச்சு அதுதான் என்பது இரவுச் சாப்பாட்டின்போதுதான் உறைத்தது. வார்த்தை மாறாமல் எழுதிவைத்தேன். வெப்பநிலை எழுத மறந்த ஒரே நாள் அது. அதற்கடுத்த திங்கள் அம்மா மட்டும் வந்தார். டிவி சத்தம் குறையவே இல்லை.

எங்கள் ஊர்ப் பெயர் வழக்கத்தை மூன்று பத்திகளில் விளக்கி சபை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். பரிவாகவே பதில் வந்தது. நூற்று அறுபத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, புதுப் பட்டை தபாலில் வந்தது: எல்டர் செந்தில். வாட்கின்ஸ் அந்தப் பெயரைப் பல் துலக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகினான். இந்த நாட்டில் என் சொந்தப் பெயரை ஒருவர் உரக்கச் சொல்லிக் கேட்டது அன்றுதான். எனக்கு ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன்.

நேற்றுத் திங்கட்கிழமை. அப்பாவைக் கூப்பிடுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். வந்தார், சவரம் செய்திருந்தார். புதுப் பட்டையைத் திரைக்கு அருகே பிடித்தேன். அது சின்னப் பெயர், ஆனாலும் வெகுநேரம் படித்தார்.

"அப்ப நீ யாரு பையன்னு அங்க எப்படித் தெரியும்?"

நீங்கள்தானே கழற்றச் சொன்னீர்கள் என்று நான் சொல்லவில்லை. கோபமாக அவர் கேட்கவில்லை. பஸ் ஏன் தாமதம் என்று டிரைவரைக் கேட்கும் அதே குரல். சாப்பிட்டியா கண்ணு என்று அம்மா இடையில் புகுந்தார். சாப்பிட்டேன் என்றேன்.

இன்று செவ்வாய். வெஸ்ட்மீட்டில் மருத்துவமனைக்குப் பின்னாலுள்ள அடுக்குமாடியில், தரைத்தளத்து வீடு. லுங்கி கட்டிய ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கதவைத் திறந்தார். கொசுவலைக் கதவு மட்டும் நடுவில் இருந்தது. பட்டையைப் படித்துவிட்டு, எந்த ஊர் என்று தமிழில் கேட்டார். ஈரோடு என்றேன். இலங்கைத் தமிழர்களின் முதல் கேள்வி ஊர், அடுத்தது தகப்பன்.

"ஆற்ற பிள்ளை?"

இருபது வருடத்தில் என் வாய் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. பட்டைதான் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"சண்முகத்தோட பையனுங்க."

"எந்தச் சண்முகம்?"

"ஈரோடு பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் சண்முகம்."

எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு சொல் வேண்டியதில்லை. அவர் உடனே தலையாட்டவில்லை. கண்களை மேலே உயர்த்தி, உண்மையாகவே தேடிப் பார்த்தார். உறவினர் யாராவது, கூடப் படித்தவர் யாராவது, அகதி முகாமில் இருந்தவர் யாராவது.

"எனக்கு ஆளைத் தெரியேல்ல, தம்பி" என்றார் மெதுவாக. கதவை ஓசைப்படாமல் சாத்தினார்.

என்ன நடந்தது என்று வாட்கின்ஸ் கேட்டான். என் அப்பாவை அவருக்குத் தெரியாதாம் என்றேன்.  அவன் போனை எடுத்து, அந்த வீட்டு எண்ணுக்கு நேரே 'விருப்பமில்லை' என்று பதிந்துவிட்டு, அடுத்த கதவுக்கு நடந்தான்.