டீக்கடைக்குப் போன பன்னிரண்டு பார்ட்

1. பெட்டி காட்டிக்கொடுத்தது

"ராக்கு, நம்ம பட்டறைப் பார்ட்டு பன்னெண்டும் டீக்கடையில என்னப்பா பண்ணுது?"

முதலாளி போனில் கேட்டபோது என் கையில் பாதி வடை இருந்தது.

"பார்ட்டெல்லாம் உள்ளதான் இருக்கு முதலாளி. நான் மட்டுந்தான் டீக்கடையில இருக்கேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் சட்டைப் பை கனத்தது. உள்ளே பன்னிரண்டு டேக்.

காரைக்குடியில் மோட்டார், பம்பு ரிப்பேர் செய்யும் பட்டறை எங்களுடையது. முதலாளியுடையது என்று சொன்னால் சரியாக இருக்கும். நான் மூன்றாம் வகுப்பு. அதற்குமேல் பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டு முன்னேறிவிட்டது. பிரித்த மோட்டாரின் நடுத்தண்டான ஷாஃப்ட் லேத்துக்குப் போகும், தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் வேறு மூலைக்குப் போகும். திரும்ப மாட்டும் நேரத்தில் அவற்றைத் தேடிக் கொடுப்பதுதான் என் உத்தியோகம்.

அந்த உத்தியோகத்துக்குத்தான் ஆபத்து வந்தது. பாத்திமா என்ற இன்ஜினியர் பெண் ஒவ்வொரு பார்ட்டிலும் பொத்தான் அளவு டேக் ஒன்றைக் கட்டியது. அது வயர் இல்லாமல் சிக்னல் அனுப்பும். எதிர் டீக்கடை வரை எட்டும் சுவர் ரிசீவர்கள் அதை வாங்கி, ஆபீஸில் சோற்று டப்பா அளவில் இருந்த பெட்டிக்குக் கொடுக்கும். எட்ஜ் கம்ப்யூட்டராம்.

"கணக்கெல்லாம் இதுக்குள்ளயே முடிஞ்சிரும்ணே. நெட்டு போனாலும் அது பாட்டுக்கு வேலை பாக்கும்" என்றது பாத்திமா.

எனக்குப் புரிந்தது ஒன்றுதான். என் வேலைக்கு ஆள் வந்தாச்சு, அதுவும் டீ குடிக்காத ஆள்.

2. ரெண்டு ஷாஃப்ட்

அன்று காலை பன்னிரண்டு பார்ட்டை டீசலில் கழுவச் சொன்னார்கள். டேக்கோடு முக்கலாம் என்று பாத்திமா சொல்லியிருந்தது. பழைய செல்போனையே அந்த டீசல் தொட்டியில் பறிகொடுத்தவன் நான், நம்புவேனா? ஒவ்வொன்றாக எடுத்து வந்து, டேக்கை அவிழ்த்துப் பையில் போட்டு, கழுவி, சாக்கில் வைத்தேன். நல்ல வேலை செய்த திருப்தியில் டீக்கடைக்குப் போனேன்.

ஓடி வந்து பார்த்தால் முதலாளி சாக்கைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். பத்துப் பார்ட்டை இன்னது என்று பார்த்தாலே சொல்லிவிடலாம். மிச்சம் இருந்த ஷாஃப்ட் இரண்டும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. அதில் ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தது. முந்தின நாள் சிவப்பு மருந்து அடித்துக் கண்டுபிடித்து, கழிவு என்று பெட்டியில் பதிந்திருந்தார்கள். அது காட்டிய கோடு டீசலில் போய்விட்டது, மருந்தும் தீர்ந்துபோயிருந்தது. மதுரையிலிருந்து வர மறுநாளாகும்.

நல்ல ஷாஃப்ட் பஞ்சவர்ணம் அக்காவின் மோட்டாருக்கு உரியது. அக்கா திருக்கோஷ்டியூர்ப் பக்கத்திலிருந்து காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

"நெல்லு பால் பிடிக்கிற நேரம் தம்பி. இன்னைக்குத் தண்ணி பாயலேன்னா கதிரு பூராம் பதராப் போயிரும்."

"தப்பானத மாட்டுனா ஓடுறப்பவே ஒடிஞ்சு மோட்டாரையும் கெடுத்துரும்" என்றார் முதலாளி. என்னைப் பார்த்து, "தேடிக் குடுக்குறவன்னு ஒன்ன வச்சேன். நீ தொலைக்கிறவனா இருக்கியேய்யா!"

3. இலை போட்ட சாக்கு

"அண்ணே, எத மொதல்ல எடுத்தீக?" பாத்திமா கேட்டது.

"யாரு பாத்தா? கைக்கு வந்தத எடுத்தேன்."

ரோட்டில் குழி தோண்டியவர்கள் கேபிளை வெட்டியதால் அன்று நெட் இல்லை. ஆனாலும் எந்த டேக் எப்போது இடத்தை விட்டு நகர்ந்தது என்பதைப் பெட்டி வரிசையாக வைத்திருந்தது.

"டேக்கு வரிசை இருக்குண்ணே. நீங்க பார்ட்ட வச்ச வரிசைதான் தெரியல."

நான் சாக்கைத் திரும்பிப் பார்த்தேன். பட்டறைக்கு வருமுன் கொத்தமங்கலம், கானாடுகாத்தான் கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறியவன் நான். இலையில் எதற்கு அடுத்து எது என்பது கைக்கு ஊறிப்போனது. எதைப் பரப்பினாலும் அந்த வரிசையில்தான் கை போகும்.

"மொதல்ல நகந்தது எது?"

"ஒம்பதாம் டேக்கு. இம்பெல்லர்."

உப்பு வைக்கும் இடத்தில் இம்பெல்லர் இருந்தது. "அடுத்தது?"

"புஷ்."

ஊறுகாய் இடத்தில் புஷ், தண்டு மாட்டும் அந்த வளையம். இப்படியே பத்தும் பிசகாமல் பொருந்தின. ஐந்தாவதாக நகர்ந்தது அக்காவின் ஷாஃப்ட், அது கூட்டு இடத்தில் இருந்தது. விரிசல் விட்டது எட்டாவது, அப்பளத்தின் இடம்.

"அப்பளம்னா ஒடியத்தான செய்யும்" என்றார் முதலாளி. அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "பந்தி வரிசைய நம்பியா மோட்டார மாட்டுறீக?"

"பத்து சரியா இருக்குல்லக்கா. மிச்சம் ரெண்டு மட்டும் எங்குட்டு ஓடிரும்?" என்றேன்.

மாட்டி அனுப்பினோம். சாயங்காலம் வரை நான் டீக்கடைப் பக்கமே போகவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, வாய்க்கால்ல தண்ணி போகுது. சத்தம் கேக்குதா?" சலசலப்பு நன்றாகவே கேட்டது. மறுநாள் மருந்து வந்து அடித்தபோது அப்பளத்தில்தான் சிவப்புக் கோடு தெரிந்தது.

முதலாளி அத்தோடு விடவில்லை. "பாத்திமா, இவனுக்கும் ஒரு டேக்கக் கட்டும்மா" என்றார். அது என் சாவிக்கொத்தில் ஏறியது. அதன்பிறகு நான் டீக்கடையில் கால் வைத்ததும் ஆபீஸிலிருந்து முதலாளியின் போன் வரும்: "எனக்கும் ஒரு வடை வாங்கிட்டு வாய்யா!"

புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, பெட்டிக்குத் தெரிந்தது டேக் மட்டும்தான். அது பார்ட்டோடு இருக்கும் வரைதான் பெட்டி சொல்வது உண்மை. அதனால் டேக்கை அவிழ்க்காதீர்கள். என்னைப் போல அதிமேதாவியாக அவிழ்த்துவிட்டால், வரிசையையாவது கலைக்காதீர்கள்.

வேலையை விட்டு நின்ற பிறகும் அந்த டேக் என் சாவிக்கொத்தில்தான் கிடக்கிறது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. இப்போது எந்தக் கடையிலும் நிம்மதியாக வடை தின்னலாம். ஆனால் ஒரு போன்கூட வருவதில்லை.